ஏழு ஆய்வேடுகளில் ஒரு சௌந்திரம்

வாய்மை என்னும் அறத்தைப் பற்றி எழுதப் புகுவோர் பொய் பேசாமையைச் சொல்லி அமைந்துவிடுவர். அதனினும் அரிதான வாய்மை ஒன்று உண்டு. கண்டதைக் கண்டேன் என்றும், கேட்டதைக் கேட்டேன் என்றும், அறியாததை அறியேன் என்றும் வரம்பு கட்டிச் சொல்லும் வாய்மை அது. எதிரே அமர்ந்திருப்பவர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு ஆவலோடு முகத்தைப் பார்க்கும்போது, தெரியாது என்று சொல்வதற்கு உள்ளத்தில் உரம் வேண்டும். இல்லாததை இரண்டு சொல் கூட்டிச் சொன்னால் வந்தவர் மகிழ்ந்து போவார். பிறகு அதைச் சரிபார்க்க ஒருவரும் வரப்போவதில்லை. அந்த எளிய வழியில் இருபத்தைந்து ஆண்டுகளாக ஒரு முறையும் கால் வைக்காத ஒருவர் மோகனூரில், பேருந்து திரும்பும் திடலுக்கு நேர் எதிர்வீட்டில் வாழ்கிறார். அவர் பெயர் சௌந்திரம்.

வயது ஐம்பத்து மூன்று. எட்டாம் வகுப்பு வரை படித்தவர். காவிரிப் பாசனத்தில் இரண்டு ஏக்கர் கரும்பு, வரப்போரம் கொஞ்சம் வாழை, கொட்டகையில் இரண்டு எருமைகள். கணவர் சொந்த லாரி ஓட்டுபவர். மாதத்தில் இருபது நாள் அவருக்கு நாக்பூருக்கும் அதற்கு அப்பாலும் சாலையிலேயே கழியும். ஒரே மகள் மணமாகிக் குமாரபாளையத்தில் இருக்கிறாள். இத்தகைய குடும்பங்கள் அவ்வட்டாரத்தில் ஊருக்கு நூறு உண்டு. ஆயினும் சௌந்திரத்தின் பெயர் ஏழு ஆய்வேடுகளில் ஏறியிருக்கிறது. ஏறிய பெயர் மெய்ப்பெயர்தானா என்ற ஐயமும் ஒருநாள் எழுந்தது. அது தீர்ந்த விதமே இங்கே சொல்லப்படுகிறது.

நாமக்கல்லில் ஒரு கல்லூரி. அதன் நூலகத்தின் பின்பகுதியில் ஆய்வேட்டு அறை என்று ஓர் அறை. இந்த மாவட்டத்தைப் பற்றி எந்த ஊர்ப் பல்கலைக்கழகத்திலிருந்து எவர் ஆராய வந்தாலும், கிராமங்களுக்குள் போவதற்கு அக்கல்லூரி ஓர் அறிமுகக் கடிதம் கொடுக்கும். ஆய்வு முடிந்ததும் அட்டையிட்டுக் கட்டிய படி ஒன்றை அந்த அறைக்கு அவர் அனுப்பவேண்டும். முன்னாள் முதல்வர் ஒருவர் வகுத்த விதி இது. அவ்விதியின் பயனாக ஆயிரத்து நூற்று நாற்பது ஏடுகள் அங்கே சேர்ந்துவிட்டன. அவற்றின் முதுகில் பொறித்த பொன்னெழுத்தைப் படித்துக்கொண்டே ஒரு வரிசை நடந்தால் தலை சுற்றும். கொல்லிமலையில் தேன் எடுப்போர் வழிபாட்டுக்கு அடுத்து லாரிகளின் நெற்றியில் எழுதப்படும் வாசகங்கள். சேந்தமங்கலத்து நடுகற்களுக்குப் பக்கத்தில் விசைத்தறிக் கூடத்தில் பெண்கள் பேசும் பேச்சு. குடைவரைச் சிற்பங்களின் அளவு, கோழிப்பண்ணை வந்தபின் மாறிய திருமணச் சடங்கு, தாலாட்டில் வரும் ஊர்ப்பெயர், சுடுமண் குதிரைகளின் கண். மனிதர் செய்வன, பாடுவன, நம்புவன எவற்றையும் அற்பமென்று தள்ளாத அறை அது.

அறிமுகக் கடிதத்துக்கு முத்திரை குத்திக் கொடுத்தவர் செல்லமுத்து என்னும் நூலக உதவியாளர். கடிதத்தோடு ஒரு வழியும் சொல்லி அனுப்புவார்.

"மோகனூர்ல பஸ் திரும்பற எடத்துல எறங்குங்க. எதுத்த ஊட்ல சௌந்திரம்னு கேளுங்க. அந்தப் புள்ள தெரிஞ்சதைச் சொல்லும். தெரியலீன்னா, ஆரைப் பாக்கோணுமோ அவிங்க ஊட்டுக்கே கூட்டியும் போகும்."

முதலில் வந்தவர் தஞ்சாவூர்ப் பக்கத்து இசை மாணவர் குணசீலன். ஆண்டு தொண்ணூற்றெட்டு. தோளில் ஒரு டேப் ரிக்கார்டர். சௌந்திரத்துக்கு அப்போது இருபத்தெட்டு வயது. கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டே நடவுப் பாட்டு நான்கு பாடினார்.

"இந்த மெட்டு எத்தனை வருஷப் பழசுங்க?" என்று குணசீலன் கேட்டார்.

"எனக்கு எப்பிடிங்க தெரியும்? நாத்து நடறப்ப முத்தாயம்மாள் முன்னால பாடுவாங்க, நாங்க பின்னால பாடுவம். அவிங்களுக்கு ஆரு சொல்லிக் குடுத்தாங்களோ."

"நூறு வருஷம்னு போட்டுக்கலாமா?"

"நீங்க போட்டுக்குங்க. நான் சொன்னன்னு போடாதீங்க."

குணசீலன் நேர்மையானவர். நூறு என்று எழுதவில்லை. பக்கத்தின் அடியில் சிறு எழுத்தில், 'இதன் காலத்தைத் தாம் அறியார் என்று தகவலாளர் கூறினார்' என்று குறிப்பு எழுதி வைத்தார். பதிவை முடித்து, ஒலிநாடாவை ஒரு காகித உறையில் இட்டு, ஏட்டின் பின்னட்டையில் ஒட்டிக் கல்லூரிக்கு அனுப்பிவிட்டார்.

அதன்பின் வந்தவர் பலர். கரும்பாலை வந்தபின் வட்டாரம் மாறிய வரலாற்றை எழுத ஒருவர் வந்தார். உறவுச் சொற்களைத் திரட்டும் மொழியியல் மாணவி ஒருத்தி வந்து, பத்து நாள் கரும்புக் காட்டிலேயே சுற்றினாள். ஓவியக் கல்லூரி மாணவர் ஒருவர் எல்லைச்சாமி கோயில் குதிரைகளைப் பென்சிலால் வரைந்துகொண்டு, ஒவ்வொரு குதிரையும் யார் நேர்ந்துவிட்டது என்று விசாரித்தார். நேர்த்திக்கடன் பற்றிச் சமயத்துறையிலிருந்தும், வயல்களின் பெயர்களைத் தேடித் தமிழ்த்துறையிலிருந்தும், கூத்துப் பார்க்கும் பெண்கள் பற்றி நாடகத்துறையிலிருந்தும் வந்தார்கள். அனைவருக்கும் மோர் கிடைத்தது. அனைவருக்கும் ஒரே அளவுகோல்: பார்த்தது இது, கேட்டது இது, இதற்குமேல் தெரியாதுங்க. வந்தவர்கள் கடைசியில் ஒரு படிவத்தை நிரப்புவார்கள். பெயர், வயது, கணவர் பெயர், ஊர். பிறகு அடுத்த பேருந்தில் ஏறிப் போய்விடுவார்கள்.

இவ்வளவும் நிகழ்ந்தது சௌந்திரத்தின் வீட்டு முற்றத்தில். ஆனால் இவற்றைச் சேர்த்துப் பார்க்கும் கண் வேறிடத்தில் திறந்தது.

ராசிபுரத்து நெசவுக் குடும்பத்தில் பிறந்த தனப்பிரியா, அக்கல்லூரி நூலகத்தில் தற்காலிகப் பணியில் சேர்ந்தாள். ஆய்வேட்டு அறைக்குப் புதிய பட்டியல் தயாரிப்பது அவள் வேலை. ஒவ்வோர் ஏட்டையும் திறந்து, தலைப்பு, ஆசிரியர், துறை, ஆண்டு என்று அட்டை எழுதவேண்டும். எழுநூறு ஏடுகள் முடித்தபோது அவளுக்கு ஒன்று உறைத்தது. 'தாம் நேரில் கண்டதில்லை என்று தகவலாளர் கூறினார்', 'இதற்குமேல் தாம் அறியார் என்று தகவலாளர் கூறினார்' என்னும் அடிக்குறிப்பு இசை ஏட்டில் இருந்தது. வரலாற்று ஏட்டில் இருந்தது. குதிரைகளை வரைந்த ஏட்டிலும் இருந்தது. மீதி ஏடுகளையும் பார்த்து முடித்தாள். ஆயிரத்துக்கு மேற்பட்ட ஏடுகளில் ஏனைய தகவலாளர் அனைவரும் எல்லாம் அறிந்தவராய்ப் பேசிக்கொண்டிருக்க, ஏழே ஏடுகளில் ஒருவர் தம் அறிவின் எல்லையைச் சொல்லியிருந்தார். ஏழிலும் பெயர் சௌந்திரம், ஊர் மோகனூர்.

தனப்பிரியா பேருந்து ஏறி, திரும்பும் திடலில் இறங்கினாள்.

"ஏனுங்க அக்கா, தொண்ணூத்தெட்டுல தஞ்சாவூர்ல இருந்து ஒருத்தர் டேப் ரிக்கார்டரோட வந்தாருங்களா?"

"வந்தாரு. ஒட்ட வெச்ச மாதிரி ஒரு மீசை. மூணு டம்ளர் மோர் குடிச்சாரு. ஏம்மிணி, அவரு பாஸ் பண்ணீட்டாருங்களா?"

"பண்ணீட்டாருங்க."

"அப்பச் செரி. பாட்டு புஸ்தகத்துல வந்துதா?"

"நாலும் வந்திருக்குதுங்க. நீங்க பாக்கலீங்களா?"

"ஆரு கொண்டாந்து காட்டுனாங்க? எழுதீட்டுப் போனவிங்க ஒருத்தரும் புஸ்தகத்தோட திரும்பி வந்ததில்ல." இதைக் குறையாகச் சொல்லாமல், எருமைக்குத் தவிடு கலக்கிக்கொண்டே, மழை பெய்யவில்லை என்பதுபோலச் சொன்னார்.

அன்று பிறந்தது தனப்பிரியாவின் முனைவர் பட்ட ஆய்வு. ஏழு துறை அறிஞர்கள் தனித்தனியே கேட்ட கேள்விகளுக்கு ஒரே பெண் ஒரே நேர்மையோடு விடை சொல்லியிருக்கிறார். அவ்விடைகளைச் சேர்த்து வைத்தால் ஓர் ஊரின் கலையும் சமயமும் மொழியும் நிலமும் ஒரு மனத்தில் எப்படிக் கூடி வாழ்கின்றன என்று காணலாம். இதுவே அவள் கருத்து. பகுதி நேரமாக ஆறு ஆண்டு உழைத்து எழுதி முடித்தாள்.

ஏடு மதிப்பீட்டுக்குப் போயிற்று. இருவர் பாராட்டி எழுதினர். மூன்றாமவர் பேராசிரியர் பாலசுந்தரம். வேறு மாவட்டத்தவர், பின்னிணைப்பைக்கூட விடாமல் படிப்பவர். அவர் எழுதிய கேள்வி பின்வருமாறு:

'ஏழு ஆய்வேடுகளின் தகவலாளர் பட்டியலையும் வருவித்துப் பார்த்தேன். பெயரும் ஊரும் ஒன்றே. கணவர் பெயரோ ஏழிலும் ஏழு. வயதும் ஒழுங்காக ஏறவில்லை. இவர் ஒருவரா, எழுவரா? அல்லது மாணவர் ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதிக்கொண்ட வெறும் பெயரா? ஒருவரே என்று நிறுவாதவரை இந்த ஆய்வுக்கு அடித்தளம் இல்லை. வாய்மொழித் தேர்வில் விளக்குக.'

கேள்வி நியாயமானது. அதனாலேயே அது கொடியதாக இருந்தது. தனப்பிரியாவின் பதிவுக்காலம் அந்த மாதத்தோடு முடிகிறது. ஏடு திரும்பினால் ஆறு ஆண்டு உழைப்பும் திரும்பும். சௌந்திரமோ, வாழ்நாளில் ஒரு சொல்லும் கூட்டிச் சொல்லாதவர், மாணவர்கள் இட்டுக்கட்டிய பெயராகக் காகிதத்தில் நின்றுவிடுவார்.

குடும்ப அட்டை உதவவில்லை. அதில் இருந்தது எட்டாவது பெயர். பழைய மாணவர் மூவரைத் தொலைபேசியில் பிடித்தாள். மூவரும் தனித்தனியே, "அவங்க சொன்னதைத்தான் எழுதினேன்" என்றார்கள். அவளுடைய நெறியாளர் பேராசிரியை அகல்யா ஒரு வழி சொன்னார்.

"இதுல என்ன யோசனை? அவங்ககிட்டயே கேட்டுடு."

"எப்படி மேடம் கேக்கறது? உங்களுக்கு ஏழு ஊட்டுக்காரர் பேரு எழுதியிருக்குது, எதுங்க நெசம்னா?"

அகல்யா ஏட்டை மூடி வைத்தார். "நீ சொல்றதும் சரிதான். நேர்ல வரச் சொல்லு. வந்து உக்காரட்டும், பாத்துக்கலாம்."

மானத்தோடு வாழும் ஒரு பெண்ணிடம் அந்தக் கேள்வியைக் கேட்பதற்கு அம்மண்ணில் பிறந்த இருவருக்கும் நா எழவில்லை. கேட்டிருந்தால் ஒரு நிமிடத்தில் முடிந்திருக்கும். கேளாமையும் ஒரு பண்பாடாகையால், தனப்பிரியா மோகனூருக்குப் போய் இரண்டு டம்ளர் மோர் குடித்து, மூன்று முறை தொண்டையைச் செருமி, கடைசியில், "வியாழக்கிழமை காலேஜுக்கு வரோணுங்க அக்கா, உங்களைப் பத்தித்தான் பேசறோம்" என்று மட்டும் சொல்லித் திரும்பினாள்.

"வாரேன் சாமி. அன்னைக்கு அவரும் ஊட்ல இருக்காரு, லோடுக்கு நாமக்கல்தான் போறாரு. அந்த லாரியிலயே ஏறிக்கறேன்," என்றார் சௌந்திரம்.

வியாழக்கிழமை முற்பகல் பத்தரை மணிக்கு நூலகக் கூடத்தில் வாய்மொழித் தேர்வு தொடங்கியது. யாரும் வந்து கேட்கலாம் என்பது முறையாகையால் நாற்பது பேர் வந்திருந்தனர். மேசைமேல் ஏழு ஏடுகள் அடுக்கியிருந்தன. சௌந்திரம் அரக்குநிறச் சேலையில் கடைசி வரிசையில் அமர்ந்தார். லாரியைக் கல்லூரி வளாகத்தில் வேப்பமரத்தடியில் நிறுத்திவிட்டு அவர் கணவர் அங்கேயே டயரைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தனப்பிரியா அரைமணி நேரம் பேசினாள். பேச்சு நன்றாகவே இருந்தது. பாலசுந்தரம் முடியும்வரை குறுக்கிடாமல் கேட்டார். பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"தகவலாளர் வந்திருக்கிறாரா?"

"வந்திருக்கறனுங்க," என்று கடைசி வரிசையிலிருந்து குரல் எழுந்தது.

அவரை முன்வரிசைக்கு அழைத்து நாற்காலி போட்டார்கள். பாலசுந்தரம் ஏழாவது ஏட்டை எடுத்து விரித்தார். "அம்மா, கூத்தைப் பற்றி ஒரு மாணவியிடம் பேசியிருக்கிறீர்கள். மூன்று நாளும் முன்வரிசையில் உட்கார்ந்து பார்த்ததாகச் சொன்னீர்களாமே. நன்றாக இருந்ததா?"

எதிர்ப்பக்கத்தில் இருந்த தனப்பிரியா கண்களை மூடிக்கொண்டாள். ஆமாம் என்று தலையாட்டுவது அந்த இடத்தில் மிக எளிது.

"மூணு நா இல்லீங்க," என்றார் சௌந்திரம். "ஒரு நா பாத்தேன். மக்காநா எருமை கன்னு போட்டுது, போகலீங்க. மூணாநா நடந்ததைச் சின்னண்ணன் சம்சாரம் சொல்லக் கேட்டதுதான். முன்வரிசையும் இல்லீங்க, கம்பத்துக்குப் பின்னால. பாதி ஆட்டம் கம்பந்தான் தெரிஞ்சுது."

கூடம் சிரித்தது. பாலசுந்தரம் சிரிக்கவில்லை. ஏட்டைத் திருப்பி அருகிலிருந்த அகல்யாவிடம் காட்டினார். ஏட்டில் இருந்ததும் ஒரு நாள்தான்; கம்பமும் இருந்தது; எருமைக்கன்றும் இருந்தது. வேண்டுமென்றே மாற்றிச் சொல்லிப் பார்த்திருக்கிறார். அவர் முகத்தில் இறுக்கம் சற்றுத் தளர்ந்தது. எனினும் கேள்வியை விடவில்லை.

"இந்த ஏட்டுக்கு உரியவர் நீங்கள்தான் என்று நம்புகிறேன். மற்ற ஆறுக்கும் நீங்கள்தானா என்பதுதான் கேள்வி. மன்னிக்க வேண்டும். பின்னிணைப்பில் உள்ளதைப் படிக்கிறேன். கணவர் பெயர்: இசை ஏட்டில் ரங்கநாதன். வரலாற்றில் அனந்தசயனம். மொழியியலில் பத்மநாபன். ஓவியத்தில் நாகராசன். சமயத்தில் சேஷசாயி. வயற்பெயரில் ரங்கசாமி. கூத்தில் பள்ளிகொண்டான்."

தனப்பிரியா தரையைப் பார்த்தாள். அகல்யா காகிதத்தை அடுக்கினார். கூடத்தில் ஒருவர் மட்டும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தார். சௌந்திரம்தான்.

"ஏனம்மா சிரிக்கிறீர்கள்?"

"ஏழும் அவரு பேருதானுங்க."

"ஏழுமா?"

"ஆமாங்க. நான் எப்பிடிங்க அவரு பேரைச் சொல்றது? கேட்டவிங்களுக்கெல்லாம் அடையாளந்தான் சொன்னேன். நாமக்கல் மலைக்குள்ள பாம்பு மேல படுத்திருக்காருங்களே, அவரு பேருன்னு. ஒவ்வொருத்தரும் ஓ அப்படியான்னு எழுதிக்கிட்டாங்க. என்ன எழுதுனாங்கன்னு எனக்கு ஆருங்க காட்டுனது?"

பாலசுந்தரம் பின்னிணைப்பு வரிசையை மீண்டும் விரலால் தொட்டுக்கொண்டே போனார். ரங்கநாதன், சரி. அனந்தசயனம், சரி. பத்மநாபன், சரி. விரல் நான்காவதில் நின்றது. "நாகராசன் எப்படி? அது பெருமாள் பெயர் இல்லையே."

"படம் வரைய வந்த பையனுங்களா? அவன் பாம்பு வரைக்குந்தான் கேட்டிருப்பான்."

இம்முறை பாலசுந்தரமும் சிரித்தார். நெடுநேரம் சிரித்தார். ஆறு பெயர்கள் மட்டும் பொருந்தியிருந்தால் அதைத் தற்செயல் என்று சொல்லிவிடலாம். பொருந்தாத நாகராசனையும் சேர்த்து விளக்கியது அந்த ஒரே விடை. ஏழு ஊர்களிலிருந்து ஏழு ஆண்டுகளில் வந்தவர்கள் அரவணையில் துயிலும் ஒருவனை நோக்கித் தத்தம் நாவுக்கு வந்த திருநாமத்தை எழுதிப் போயிருக்கிறார்கள். அவனைப் பாடியோர் எல்லாரும் காலந்தோறும் செய்துவந்த செயலும் அதுவே.

"வயசு?" என்றார் சிரிப்புக்கிடையே. "இருபத்தெட்டு, முப்பத்தஞ்சு, மறுபடி முப்பத்தொன்று."

"வயசை நான் எங்கீங்க சொன்னேன்? மூஞ்சியப் பாத்து எழுதிக்கிட்டாங்க. முப்பத்தொண்ணுன்னு எழுதுன புள்ள நல்ல புள்ள."

"ஆனால் அம்மா, கணவர் பெயரை எல்லாரும் தப்பாக எழுத விட்டுவிட்டீர்களே. அதுமட்டும் பொய் ஆகாதா?"

சௌந்திரத்தின் சிரிப்பு அடங்கியது. நிமிர்ந்து உட்கார்ந்தார். "நான் படுத்திருக்கறவரைக் காட்டுனேன், காட்டுனது நெசம். பேரு வெச்சது அவிங்க. புஸ்தகத்தைக் கொண்டாந்து காட்டியிருந்தா, இது இல்லீங்கன்னு சொல்லியிருப்பேன்."

கூடத்தில் கைதட்டல் எழுந்தது. பாலசுந்தரம் கையை உயர்த்தி அடக்கினார். "எனக்கு ஐயம் தீர்ந்துவிட்டது. ஆனால் அறிக்கையில் எழுத வேண்டுமே. இன்றைக்கு நீங்கள் சொல்வது இன்றைய சான்று. அன்றைக்கும் இதையேதான் சொன்னீர்கள் என்பதற்கு ஏதாவது உண்டா?"

தனப்பிரியா சட்டென்று எழுந்தாள். மேசையிலிருந்த முதல் ஏட்டைத் திருப்பி, பின்னட்டையில் ஒட்டியிருந்த காகித உறையைப் பிரித்தாள். ஒலிநாடா இருந்தது. "இது இருக்குதுங்க சார். கேக்கறதுக்கு மிஷின் இல்லாம நான் இதுவரைக்கும் கேட்டதில்லைங்க."

கல்லூரி முழுவதும் தேடினால் கணினி இருநூறு கிடைக்கும். அந்த நாடாவைப் பாடவைக்கும் கருவி ஒன்றும் கிடைக்காது. நூலகர் கையை விரித்தார்.

"எங்க லாரியில இருக்குதுங்க," என்றார் சௌந்திரம். "லாரி மாத்துனாலும் அதை மட்டும் கழட்டி மாட்டிக்குவாரு."

தேர்வுக்குழு, மாணவர், வந்திருந்தோர் அனைவரும் வேப்பமரத்தடிக்கு நடந்தனர். ஒரு பல்கலைக்கழக வாய்மொழித் தேர்வு லாரிக்குள் நடந்தது அன்று மட்டுமாகத்தான் இருக்கும். பாலசுந்தரம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு படியில் கால்வைத்து ஏறி ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்தார். தனப்பிரியா மறுபக்கம். இரண்டு கதவுகளும் அகலத் திறந்திருக்க, மற்றவர் கீழே நின்றனர். சௌந்திரத்தின் கணவர் நாடாவை வாங்கி, துணியால் துடைத்து, பேனாவைத் துளையில் இட்டுத் தளர்ச்சியைச் சுற்றிச் சரிசெய்து, உள்ளே தள்ளினார்.

முதலில் இரைச்சல். அதன் மேல் ஒரு நடவுப் பாட்டு, இளங்குரலில், இடையே ஒரு குழந்தையின் சிணுங்கல். நான்கு பாட்டும் முடிந்தன. பிறகு குணசீலனின் குரல் கேட்டது.

"பேரு?"

"சௌந்திரம்."

"வயசு?"

"நீங்களே பாத்துப் போட்டுக்குங்க."

"வீட்டுக்காரர் பேரு?"

ஒரு சிரிப்பு. சற்றுமுன் கூடத்தில் கேட்ட அதே சிரிப்பு, இருபத்தைந்து ஆண்டு இளையதாக. "நாமக்கல் மலைக்குள்ள பாம்பு மேல படுத்திருக்காருங்களே, அவரு பேருங்க."

"ஓ, ரங்கநாதன்."

"அதே சாமிதானுங்க, ஆனா பேரு..." என்று குரல் தயங்கித் தொடங்க, பேருந்து திரும்பும் ஒலி வந்து மிச்சத்தை மூடியது. நாடா முடிந்தது.

கீழே நின்றவர்கள் ஆரவாரித்தனர். தனப்பிரியா முகத்தை இரண்டு கைகளாலும் பொத்திக்கொண்டு அழுதாள். கதவோரம் நின்ற கணவர் மட்டும் தலையைச் சொறிந்தார்.

"இருவத்தஞ்சு வருசமா நான் கண்ணு மூடாம ரோட்டுல கெடக்கறேன். இவ என்னடான்னா என்னையப் பாம்பு மேல படுக்க வெச்சிருக்கறா."

"உங்கள் பேர் என்னங்க?" என்று பாலசுந்தரம் இருக்கையிலிருந்தபடியே கேட்டார்.

"சீரங்கனுங்க."

"ஏழு பேர் எழுதியும் ஒருவர்கூடச் சரியாக எழுதவில்லை."

"ரங்கநாதன்னு எழுதுனவரு கிட்டத்துல வந்துட்டாருங்க," என்றார் சௌந்திரம். "கொஞ்சம் மார்க் போடலாம்."

பாலசுந்தரம் தம் அறிக்கையை அந்த இருக்கையில் அமர்ந்தே, ஸ்டீயரிங்கின்மேல் காகிதத்தை வைத்து எழுதினார். தகவலாளர் ஒருவரே என்பது ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்பட்டது. முனைவர் பட்டம் வழங்கப் பரிந்துரைக்கிறேன். இத்தகைய தகவலாளரை அறிந்து வெளிப்படுத்தியது இவ்வாய்வின் சிறப்பு. எழுதி முடித்து உரக்கப் படித்தார். லாரியின் ஒலிப்பானை அழுத்தலாமா என்று சீரங்கனிடம் அனுமதி கேட்டு ஒருமுறை அழுத்தவும் செய்தார். அது வளாகம் அதிர ஒலித்தது.

கூடத்துக்குத் திரும்பியபின் இன்னொன்றும் நடந்தது. ஆய்வேட்டு அறையின் பட்டியலில் அதுவரை எழுதியவர் பெயருக்கும் நெறியாளர் பெயருக்கும் அட்டை உண்டு. சொன்னவர் பெயருக்கு இல்லை. அன்று அத்தகைய முதல் அட்டை எழுதப்பட்டது. 'சௌந்திரம், மோகனூர்' என்று தலைப்பிட்டு, இசை, வரலாறு, மொழி, ஓவியம், சமயம், நிலம், கூத்து என்று ஏழு ஏட்டெண்களையும் தனப்பிரியா வரிசையாகக் குறித்தாள். கணவர் பெயர் என்ற இடம் வந்ததும் பேனாவை நிறுத்திச் சௌந்திரத்தைப் பார்த்தாள். அவர் தம் கணவரைப் பார்த்தார். சீரங்கன் பேனாவை வாங்கி, லாரிக் கதவில் எழுதியிருக்கும் அதே கொட்டை எழுத்தில் தம் பெயரைத் தாமே எழுதினார்.

பிறகு அந்த ஏழு ஏடுகளையும் சௌந்திரத்தின் மடியில் வைத்தார்கள். லோடு காத்திருக்கிறது என்று சீரங்கன் இரண்டு முறை வந்து சொன்னார். இரண்டு முறையும் சௌந்திரம், "இருங்க, இந்தப் பக்கம் முடிச்சுக்கறேன்" என்று சொல்லித் தலை நிமிராமல் படித்துக்கொண்டிருந்தார். ஓரிடத்தில் விரலை வைத்துத் தனப்பிரியாவைக் கூப்பிட்டார். "அம்மிணி, இந்த வயலுக்கு ஓடைக்காடுன்னு போட்டிருக்குது. ஓடைமேட்டுக்காடு. பென்சில்ல ஓரத்துல எழுதிடு."

எழுதப்பட்டது.

ஐந்து வாரம் கழித்து, பேருந்து திரும்பும் திடலில் முனைவர் தனப்பிரியா இறங்கினாள். கையில் சிவப்பு அட்டையில் பொன்னெழுத்துப் பொறித்த ஏடு ஒன்று. எழுதிக்கொண்டு போனவர்களில் புத்தகத்தோடு திரும்பி வந்த முதல் ஆள் அவள்தான். சௌந்திரம் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு இரு கைகளாலும் வாங்கி, கண்களில் ஒற்றி, சாமி மாடத்தில் வைத்தார். பின்னிணைப்பை மட்டும் உடனே பார்த்தார். பெயர் சரியாக இருந்தது. வயதும் சரியாக இருந்தது.

"வயசை இவ்வளவு சரியா எழுதியிருக்க வேண்டாம் சாமி," என்று சொல்லிக்கொண்டே மோர் எடுத்துவர உள்ளே போனார்.

நாமக்கல் மலையினுள் அரவின்மேல் கண்வளரும் பெருமான், சீரங்கன் ஓட்டும் வண்டிக்குமுன் மட்டும் கண்விழித்து நடந்து காப்பானாக. அவர்தம் கரும்பில் கணுதோறும் இனிமை ஏறுக. கொட்டகையில் கறவை வற்றாதிருக்க. குமாரபாளையத்து மகள் நன்மக்களோடு வந்து போகும் வாசல் என்றும் கோலம் குன்றாதிருக்க. கேட்டு வருவோர்க்கு மோரும் மெய்யும் மாறாமல் வழங்கும் அந்த இல்லம் வழிவழியாகத் தழைத்து வாழ்க.